சான்றிதழ் வாங்கப் பிள்ளைகளைப் பழக்குவது: நான்கு வழிகளில் எது உங்கள் பள்ளிக்குச் சரிவரும்?

பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் கசங்கிய ஜெராக்ஸ், பக்கத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அம்மாவோ அப்பாவோ. கேட்கும் சான்றிதழ்களில் சாதிச் சான்றிதழும் இருக்கும். அதற்குக் காலாவதியே கிடையாது. ஒன்பதாம் வகுப்பிலேயே வாங்கிப் பீரோவில் வைத்திருக்கலாம். எதை எந்த மேசையில், எப்போது, எதைக் காட்டிக் கேட்பது என்று பள்ளியில் யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் இதற்கு நான்கு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஆசிரியரே எல்லாவற்றையும் செய்துகொடுப்பது, ஒரு நாள் முகாம் போடுவது, பாடவேளை ஒதுக்கி அவரவர் தாள்களை வைத்தே பழக்குவது, மூத்த மாணவர்களை வைத்து உதவி மேசை நடத்துவது. ஐந்தாவது ஒன்றும் உண்டு. யாரும் தேர்ந்தெடுக்காமல் தானாக நடப்பது அது: பிரவுசிங் சென்டர். பள்ளி கையைக் கட்டிக்கொண்டிருந்தால் பிள்ளை போய் நிற்கும் இடம் அதுதான்.

இந்த வழிகளை எதை வைத்து எடைபோடுவது? சான்றிதழ் வந்ததா என்று மட்டும் பார்த்தால் முதல் வழியே ஜெயிக்கும். கல்லூரியில் சேர்ந்தபின் உதவித்தொகையைப் புதுப்பிக்க அந்த ஆசிரியர் கூட வரப்போவதில்லை. அதனால் வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒப்புகைச் சீட்டு யார் பையில் இருக்கிறது? ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது? பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?

என்னென்ன தெரிய வேண்டும்

ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போவதற்குள் ஐந்து அலுவலகங்களை அறிந்திருக்க வேண்டும். பள்ளி அலுவலகம்: போனஃபைடு (இந்தப் பள்ளியில் படிக்கிறார் என்ற சான்று), டி.சி., நடத்தைச் சான்று. வருவாய்த் துறை: சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி (குடும்பத்தில் முதலில் பட்டப்படிப்புக்குப் போகிறவருக்கான கட்டணச் சலுகைச் சான்று). தேர்வுத் துறை: மதிப்பெண் சான்றிதழில் பிழை இருந்தால். வங்கி. கடைசியாக ஆதார் மையம்.

வருவாய்த் துறையில் விண்ணப்பம் போகும் பாதை பிள்ளைக்கு அத்துப்படியாக வேண்டும். இணையத்தில் போட்டதும் அது கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.விடம் போகும், அவர் விசாரித்து வருவாய் ஆய்வாளரான ஆர்.ஐ.க்கு அனுப்புவார், அங்கிருந்து கையெழுத்திடும் அதிகாரிக்கு. சாதிச் சான்றிதழில் அந்த அதிகாரி ஆளுக்கு ஆள் மாறுவார்: பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியர், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். பழங்குடிப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை இதில் இருக்கிறது. கூடுதல் விசாரணை, கூடுதல் மேசை. மலைப் பகுதிப் பள்ளிகள் இந்தச் சான்றிதழை மற்றவர்களைவிட இரண்டு வருடம் முன்னதாகத் தொடங்க வேண்டும்.

முதல் வழி: ஆசிரியரே செய்துகொடுப்பது

நல்ல மனதோடு செய்யப்படுவது, பெரும்பாலும் ஒரே ஆசிரியர் தலையில் விழுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் 40 பேர், ஆளுக்கு 3 விண்ணப்பம், ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்தால் 2,400 நிமிடம், அதாவது 40 மணி நேரம். ஆவணம் சரியில்லாமல் திரும்பி வருபவை இந்தக் கணக்கில் சேரவில்லை.

இதில் நடக்கும் பெரிய தப்பு வேலைச்சுமை சம்பந்தப்பட்டதல்ல. வேகத்துக்காக ஆசிரியர் தன் மின்னஞ்சலையும் தன் கைபேசி எண்ணையும் 40 பேருக்கும் கொடுத்துவிடுவார். அடுத்த ஜூனில் அவருக்கு மாறுதல் வரும், அல்லது சிம்மை மாற்றுவார். தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ்.ஸை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் புதுப்பிக்க வேண்டும். நுழைவுச் சொல் போன ஆசிரியரோடு போய்விட்டால், தேர்வில் ஜெயித்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் பணம் நின்றுவிடும். ஏன் நின்றது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்படியானால் இந்த வழியே கூடாதா? சில பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை. பெற்றோர் இருவரும் வெளியூரில் செங்கல் சூளையில் இருக்கும் பிள்ளை, விடுதிப் பிள்ளை, பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளரும் பிள்ளை ஆகியோருக்கு ஆசிரியர் கூடவே போகத்தான் வேண்டும். வகுப்புக்கு மூன்று நான்கு பேர் என்றால் முடியும். 40 பேருக்கு முடியாது.

இரண்டாம் வழி: ஒரு நாள் முகாம்

பள்ளி வளாகத்திலேயே ஆதார் கருவி, வங்கி மேசை, இ-சேவை மேசை. அன்றைக்கு விறுவிறுப்பாக இருக்கும், படமும் நன்றாக வரும். முகாமால் மட்டுமே நன்றாக முடியும் காரியங்கள் இரண்டு உண்டு. ஒன்று, 15 வயதானதும் கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஆதார் கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பு. கருவி பள்ளிக்கே வந்தால் ஒரே நாளில் ஒரு வகுப்பே முடியும். இரண்டு, வங்கிக் கணக்கே இல்லாதவர்களுக்குக் கணக்குத் தொடங்குவது.

அந்த இரண்டாவதிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. அரசு, உதவிபெறும் பள்ளிகளில் படித்துக் கல்லூரி சேர்ந்தவர்களுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருவது ஆதாரோடு இணைந்த கணக்குக்கு. ஒருவருக்கு இரண்டு மூன்று கணக்கு இருந்தால், கடைசியாக எந்தக் கணக்கை நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காக ஆதாரோடு இணைத்தார்களோ அங்கேதான் பணம் போகும். ஏற்கெனவே கூட்டுறவு வங்கியிலோ கனரா வங்கியிலோ கணக்கு வைத்திருக்கும் பெண், முகாமில் சொல்கிறார்களே என்று அஞ்சல் கணக்கும் தொடங்குவாள். இணைப்பு அங்கே மாறிவிடும். பழைய பாஸ்புக்கை மாதாமாதம் பதிந்து பார்த்துவிட்டு "பணம் வரவில்லை" என்பாள். பணம் வந்து இன்னொரு கணக்கில் கிடக்கும். முகாம் வைத்தால் வங்கி மேசைக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி, "ஏற்கெனவே கணக்கு இருக்கிறதா?" என்று கேட்டுப் பிரித்து அனுப்புங்கள். எந்த வங்கியோடு இணைப்பு செயலில் உள்ளது என்பதை ஆதார் இணையதளத்திலேயே, ஓடிபி கொடுத்து, பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, 18 வயது. சிறார் கணக்கு 18 முடிந்ததும் புதிய கையெழுத்தும் ஆவணங்களும் கேட்டு நிற்கும். கல்லூரி முதலாண்டில் பணம் சட்டென்று நிற்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம். முகாமில் இதைச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.

கற்பிக்கும் வழியாகப் பார்த்தால் முகாம் பலவீனமானது. பிள்ளை வரிசையில் நிற்கிறது, விரலை வைக்கிறது, சாப்பிடப் போகிறது.

மூன்றாம் வழி: பாடவேளை ஒதுக்கிச் சொந்தத் தாள்களில் பழக்குவது

ஆண்டுக்கு 12 பாடவேளை போதும். ஒன்று 45 நிமிடம் என்றால் மொத்தம் 9 மணி நேரம். முதல் வழியின் 40 மணி நேரத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். பத்தாம் வகுப்புத் தமிழில் படிவம் நிரப்பும் வினா உண்டு, கடிதம் எழுதும் வினாவும் உண்டு. இரண்டையும் இல்லாத ஒரு மாணவர் பெயரில், இல்லாத ஒரு முகவரியில் எழுதிப் பழகுகிறோம். அதே பாடவேளையில் உண்மையான போனஃபைடு விண்ணப்பத்தை எழுத வைத்தால் தேர்வுக்கும் ஆயிற்று, வாழ்க்கைக்கும் ஆயிற்று. 'நான் முதல்வன்' வழிகாட்டல் வகுப்புகளிலும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

தொடக்கம் பெயரிலிருந்து. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தாளில் கட்டம் போடச் சொல்லுங்கள். இடப்பக்கம் ஐந்து வரி: பிறப்புச் சான்று, ஆதார், எமிஸ் பதிவு (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவேடு), ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக். மேலே நான்கு பத்தி: தமிழில் பெயர், ஆங்கிலத்தில் பெயர், தலைப்பெழுத்து முன்னாலா பின்னாலா, பிறந்த தேதி. ஒவ்வொரு ஆவணத்தையும் பார்த்து எழுத்துக்கு எழுத்து நிரப்ப வேண்டும். நினைவிலிருந்து எழுதக் கூடாது.

நிரப்பி முடித்ததும் பிள்ளைகளுக்கே அதிர்ச்சியாக இருக்கும். 'கீதா' என்ற பெயரின் ஆங்கில எழுத்தில் ஓரிடத்தில் 'எச்' இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. தலைப்பெழுத்து ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் முன்னால். ரேஷன் கார்டில் அப்பா பெயர் முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். அலுவலர் கண்ணுக்கு இவை எல்லாம் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். உதவித்தொகை விண்ணப்பம் காரணமே தெரியாமல் தள்ளுபடியாவது பெரும்பாலும் இங்கேதான்.

திருத்தும் வரிசை முக்கியம். பிறப்புச் சான்று அடிப்படை. அது சரியாக இருந்தால் அதற்கேற்பப் பள்ளிப் பதிவு, பிறகு ஆதார், கடைசியில் வங்கி. தலைகீழாகத் தொடங்கினால் இரண்டு முறை அலைய வேண்டும். ஆதாரில் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஏன் என்றால், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் எமிஸ் விவரத்திலிருந்து தயாராகிறது. அதுவரை திருத்தம் தலைமையாசிரியர் மேசையில் முடியும். மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிவிட்டால் கோப்பு தேர்வுத் துறை இயக்குநரகம் வரை போய் வர வேண்டும்.

அடுத்த பாடவேளை கைபேசி எண்ணுக்கு. ஆதாரோடு எந்த எண் இணைந்திருக்கிறது, அந்த சிம் உயிரோடு இருக்கிறதா, யார் கையில் இருக்கிறது? அப்பா திருப்பூரில் தறியில் நிற்பார், போன் அவரிடம். ஓடிபிக்கு ஆயுள் சில நிமிடம்தான். இ-சேவையில் முதலில் உருவாக்க வேண்டிய குடிமக்கள் கணக்கு எண்ணுக்கே ஓடிபி தேவை. இந்த ஒரு விஷயத்தை முன்கூட்டியே சரிசெய்யாத வகுப்பில் கணினிப் பயிற்சி முழுக்க வீண்.

பிறகு கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள், நாள், இணைப்பு என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாதது மேசை. இளநிலை உதவியாளரிடம் முன்பே பேசிவைத்து ஐந்தைந்து பேராக அனுப்புங்கள். நடப்பது இப்படி இருக்கும்:

"சார், போனஃபைடு வேணும்."

"எதுக்கு?"

மௌனம்.

"எந்த வருஷத்துலருந்து எந்த வருஷம் வரைக்கும்?"

மறுபடி மௌனம். திரும்பிப் போய் வகுப்பாசிரியரைக் கேட்டுவிட்டு வரும்.

எதற்கு, யாருக்குக் காட்ட, எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை என்ற மூன்றும் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே இருந்தால் உதவியாளர் தலையை நிமிராமல் எழுதிக்கொடுத்துவிடுவார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த விவரம் வேண்டும். மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கு 2021-லும் வந்த சட்டங்கள் அவை. நடுவில் பள்ளி மாறியவர்களுக்கு எமிஸில் ஓராண்டு விடுபட்டிருந்தால், பழைய பள்ளிக்குப் போய் அந்த ஆண்டுக்கு மட்டும் சான்று வாங்க வேண்டும். "போனஃபைடு வேணும்" என்று மொட்டையாகக் கேட்டால் நடப்பு ஆண்டுக்கு மட்டும் கிடைக்கும்.

விண்ணப்பம் எப்போதும் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குவது. பெரியவர்களே கேட்கக் கூச்சப்படும் காரியம் இது. "சார், என் பிரதியில ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்ற வாக்கியத்தைப் பள்ளி அலுவலகத்தில் நான்கு தடவை சொல்லிப் பழகியவர்களுக்குத் தாலுகா அலுவலகத்தில் வாய் வரும்.

இணையப் பயிற்சி ஹைடெக் லேபில். சமர்ப்பிக்கும் பொத்தானுக்கு முந்தைய படிவரை எல்லோரும் போகலாம். ஆவணத்தைத் தெளிவாகப் படமெடுத்து, நான்கு ஓரமும் தெரிய வெட்டி, தளம் கேட்கும் அளவுக்குச் சுருக்குவது தனிப் பாடவேளைக்கு உரியது. மங்கலான ரேஷன் கார்டால் திரும்பிய விண்ணப்பங்கள் ஏராளம். 'திருப்பி அனுப்பப்பட்டது' என்றால் நிராகரிப்பு இல்லை, வி.ஏ.ஓ. இன்னொரு ஆவணம் கேட்கிறார் என்று பொருள். விண்ணப்ப எண்ணைப் போட்டு வாரம் ஒருமுறை பார்க்காதவர்களுக்கு இது தெரியாமலே போய், கடைசியில் நிராகரிப்பாகவே முடியும்.

இந்த வழியின் ஆபத்து ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. சொந்தத் தாள்கள் என்றால் சாதி, வருமானம், அப்பா பெயர் இருக்கவேண்டிய இடத்தில் காலி, எல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. பெயர்க் கட்டத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லலாம். சாதிச் சான்றிதழையோ வருமானச் சான்றிதழையோ ஒருபோதும் அப்படிக் கைமாற்றக் கூடாது. அந்தப் படிவங்களை ஆசிரியர் கற்பனை விவரத்தை வைத்துத் திரையில் நிரப்பிக் காட்டட்டும். பிள்ளைகள் தங்களுடையதை வீட்டில் நிரப்பட்டும். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்துக்கு மேல் எந்தத் தாளிலும் எழுத வேண்டாம்.

நான்காம் வழி: மாணவர் உதவி மேசை

பதினொன்றாம் வகுப்பிலிருந்து இருவர், வாரம் இரண்டு நாள், மதிய இடைவேளையில் 20 நிமிடம். மேசையில் ஒரு பதிவேடு, ஒரு நாட்காட்டி, மாதிரி விண்ணப்பங்கள். பன்னிரண்டாம் வகுப்பைத் தவிர்ப்பது நல்லது. அரையாண்டுக்குப் பிறகு அவர்களுக்கு நேரம் இருக்காது.

ஆசிரியரிடம் கேட்கத் தயங்கும் பிள்ளை "அக்கா, இதுல என்ன எழுதணும்?" என்று இவர்களிடம் கேட்கும். அந்த அளவில் இந்த மேசைக்கு ஈடே இல்லை. எல்லையை மட்டும் தெளிவாக வரையுங்கள்: என்ன கொண்டுபோக வேண்டும், எந்த மேசை, எந்தத் தேதி என்று சொல்லலாம். மற்றவர் ஆவணத்தை வாங்கி வைத்துக்கொள்வது, படம் எடுப்பது, ஓடிபி கேட்பது மூன்றும் கூடாது. நன்றாக எழுதத் தெரிந்த பையன் எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கத் தொடங்கினால் அது முதல் வழியின் சின்னப் பதிப்பு ஆகிவிடும். மூன்றாம் வழி இல்லாமல் இதை மட்டும் தொடங்கும் பள்ளிகளில் மேசை இரண்டு மாதத்தில் தூசி படியும். உதவுபவர்களுக்கே வேலை தெரிந்திருக்காது.

பிரவுசிங் சென்டர் பற்றி

திட்டிப் பயனில்லை. தட்டச்சு வேகம், ஸ்கேனர், பிரிண்டர் எல்லாம் அங்கே இருக்கின்றன. அரசு இ-சேவை மையத்தில் வருவாய்ச் சான்றிதழ் விண்ணப்பத்துக்கு 60 ரூபாய் என்றால் தனியார் கடையில் கூடுதலாகக் கேட்பார்கள். அது தட்டச்சுக் கூலி. சிக்கல் கூலியில் இல்லை. பொறியியல் கலந்தாய்வுக்குக் கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுப் பதிவு செய்வதில்தான் இருக்கிறது. விருப்பப் பட்டியல் நிரப்பும் நாளில் கடை மூடியிருந்தால் பிள்ளைக்கு உள்ளேயே நுழைய முடியாது. கடைக்குப் போகட்டும். தன் மின்னஞ்சலையும் வீட்டு எண்ணையும் சொல்லி, நுழைவுச் சொல்லைத் தானே தட்டி, வெளியேறிவிட்டு வரட்டும்.

எந்தப் பள்ளிக்கு எது

எங்கள் தேர்வு மூன்றாம் வழி. அதன் தோள்மேல் நான்காவது. முகாமை ஆதார் புதுப்பிப்புக்கு மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம்.

அலுவலகப் பணியாளரே இல்லாத சின்ன உயர்நிலைப் பள்ளியில் 12 பாடவேளை கனவு. அங்கே நான்கு போதும்: பெயர்க் கட்டம், கைபேசி எண், இரண்டு பிரதி விண்ணப்பம், சாதிச் சான்றிதழ். மீதியைச் சேரப்போகும் மேல்நிலைப் பள்ளி பார்த்துக்கொள்ளும். ஆயிரம் பேர் படிக்கும் மேல்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே வாரத்தில் அலுவலகப் பயிற்சி வைத்தால் உதவியாளர் வேலையே ஸ்தம்பிக்கும். வாரம் ஒரு பிரிவாகப் பிரியுங்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் ஓடிபி பிரச்சினை இரட்டிப்பு. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளுக்கு முன் வாரத்தில் விண்ணப்ப வேலையை வைத்தால், பிள்ளை வீட்டுக்குப் போன நாட்களில் அந்தப் போனை வைத்தே முடித்துவிடலாம்.

நாட்காட்டி: பெயர்க் கட்டம் ஒன்பதாம் வகுப்பு ஜூலையில். சாதி, இருப்பிடச் சான்றிதழ்கள் அதே ஆண்டு டிசம்பருக்குள். பதினொன்றில் வங்கி, மின்னஞ்சல், கோப்பு சுருக்கும் பயிற்சி. முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தொடங்கலாம். அதற்கு வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்ற உறுதிமொழி வேண்டும், அண்ணன் அக்கா படிப்பு விவரமும் கேட்பார்கள். அண்ணன் ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. வருமானச் சான்றிதழைப் புதியதாகக் கேட்பார்கள் என்பதால் அதை மட்டும் சீக்கிரம் வாங்கி வைப்பதில் லாபமில்லை.

கடைசிப் பாடவேளையை, எல்லாம் சரியாகச் செய்தும் நகராத விண்ணப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி சார்ந்தது என்றால் 14417, மற்ற அரசு அலுவலகம் என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனை வைக்கக் கூடாது. அதற்கும் நகராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம்: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "என் விண்ணப்பம் இன்ன எண், இன்ன தேதி. இன்று யாருடைய மேசையில், எந்த நாளிலிருந்து இருக்கிறது?" என்று கேட்டு எழுதும் ஒரு பக்கக் கடிதம். பதில் தர 30 நாள். "ஏன் தரவில்லை?" என்று கேட்டால் சுற்றி வளைத்து ஒரு பதில் வரும். "யாருடைய மேசையில்?" என்ற கேள்விக்குப் பெயரும் தேதியும்தான் பதிலாக வர முடியும்.